காரியுண்டிக் கடவுளின் மலையில் ஒரு காளான்

மலைபடுகடாம் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஐயா, நன்னனுடைய ஊர் இப்போது எங்கே இருக்கிறது?" என்பதே அது. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாக நிற்கும் அந்நூல் 583 அடிகளை உடையது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னன். அவனுடைய ஊர் செங்கண்மா. அந்தச் செங்கண்மாதான் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் என்றவுடன் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். பேருந்துப் பலகையில் அன்றாடம் படிக்கும் பெயரல்லவா அது!

அப்படியொரு சலசலப்பின் விளைவாகத்தான், ஓர் ஐப்பசி ஞாயிற்றுக்கிழமையில் மாணவர் ஐவருடன் செங்கம் சென்றேன். ரிஷபேசுவரர் கோயிலைக் கண்டு, சேயாற்றங்கரையில் சற்றே நின்றுவிட்டு, ஜவ்வாது மலையின்மேல் ஏறினோம். முன்னிரவில் நல்ல இடிமழை பெய்திருந்தது. வழிகாட்ட வந்தவர் மலையில் பிறந்து வளர்ந்த முதியவர். அறுபது வயதைக் கடந்தவர். கையில் ஒரு கடப்பாறைத் துண்டு.

காடு முடிந்து புல்வெளி தொடங்கும் ஓரிடத்தில் கறையான் புற்று ஒன்றைச் சுற்றி வெள்ளை வெளேரென்று காளான்கள் குடைவிரித்து நின்றன. முதியவர் குனிந்து, அவற்றைக் கிள்ளாமல், ஒவ்வொன்றையும் சுற்றித் தோண்டி எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். பத்தடி தள்ளிப் புல்லுக்குள் இன்னொரு கூட்டம் நின்றது. அதே வெண்மை, அதே உயரம், தண்டில் அதேபோன்றதொரு வளையம். மாணவர் ஒருவர் ஆவலோடு அதன்மேல் கைவைத்தார்.

"அது வேணாம் தம்பி, வுட்டுடு" என்றார் முதியவர்.

"ஏன் பெரியவரே? இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன?" என்றேன் நான்.

"ஒண்ணுபோலத்தான் சார் இருக்கும். ஆனா அத எங்கம்மா பறிச்சதில்ல."

அந்த விடையின் பொருளை அன்று மலையிறங்கும்போதுதான் முழுதும் உணர்ந்தேன். இக்கட்டுரை அதைப் பற்றியதே.

வெள்ளிக் கொலுசுச் சோதனை

எனக்குப் பத்து வயதிருக்கும். இதே போன்றதொரு மழைக்காலம். என் தம்பியும் நானும் ஏரிக்கரையின் புல்வெளியிலிருந்து ஒரு கூடை நிறையக் காளான் பறித்து வந்தோம். சித்தி முதலில் தயங்கினார். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து, "கொலுசைப் போட்டுக் கொதிக்கவிடு; கறுத்தால் கொட்டிவிடு" என்றார். வெள்ளிக் கொலுசு கறுக்கவில்லை. பளபளவென்றே இருந்தது. மஞ்சளும் பூண்டும் போட்டுப் பார்த்தார்கள், நிறம் மாறவில்லை. குழம்பு வைத்து எல்லோரும் உண்டோம். உண்மையைச் சொல்வதானால், சுவை நன்றாகவே இருந்தது.

இரண்டு மணிநேரம் கழித்துத் தம்பிதான் முதலில் வாந்தியெடுத்தான். விடியும்வரை அந்த வீட்டில் ஒருவரும் உறங்கவில்லை. நான்கு வயதுக் குழந்தையின் கண்கள் குழிவிழுந்து போனதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. மாட்டுவண்டியில் ஊர்விட்டு ஊர் சென்று, குளுக்கோஸ் ஏற்றி, மூன்றாம் நாள் பிழைத்தெழுந்தான். திரும்பி வந்தபோது கொல்லையில் சமைக்காமல் எறிந்த காளான் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் குடைக்கடியில் இருந்த விசிறி மடிப்புகள் பாசிநிறமாக மாறியிருந்தன.

ஜவ்வாது மலையில் அன்று முதியவர் விலக்கிய கூட்டத்தில் முதிர்ந்த காளான் ஒன்றைக் குச்சியால் கவிழ்த்துப் பார்த்தேன். அதே பாசிநிறம்! முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் பழைய பகைவனை நேரில் கண்டதுபோல் இருந்தது.

அறிவியலார் இதனைக் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்பர். உலகின் வெப்பநாடுகள் பலவற்றிலும் மழைக்குப்பின் புல்வெளிகளில் முளைப்பது. இளமையில் அடிமடிப்புகள் வெண்மையாகவே இருக்கும். முதிர்ந்த பின்னரே பச்சை ஏறும். உண்டவர்க்கு ஒன்றிலிருந்து மூன்று மணிநேரத்துக்குள் கடும் வாந்தியும் பேதியும் உண்டாகும். உயிரிழப்பு அரிது. எங்களைக் காத்தது கொலுசுமன்று, பூண்டுமன்று. நாங்கள் பறித்தது கொல்லும் வகையாக இல்லாதிருந்த நற்பேறு ஒன்றே!

பசித்தவளும் தொடாத ஆம்பி

நம் பழைய இலக்கியம் காளானை அறியுமா? நன்கறியும். ஆம்பி, காளாம்பி என்பன அதன் பழம்பெயர்கள். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஆய்ச்சியின் தயிர்க்கட்டியை வெண்மையான ஆம்பியின் மொட்டுக்கு ஒப்பிடுகிறார். மலர்ந்த குடையை விட்டு மொட்டைத் தேர்ந்தெடுத்த அந்தப் பார்வையைப் பாருங்கள்.

ஆயினும் சங்கப் பாட்டில் ஆம்பி பெரிதும் தோன்றுமிடம் காடன்று, வறியவர் வீடு. புறநானூற்றின் 164ஆம் பாட்டில், குமணனை நாடிவந்த பெருந்தலைச் சாத்தனார் தம் வீட்டு அடுப்பைப் பற்றிச் சொல்கிறார். சமைத்தலையே மறந்துபோன அவ்வடுப்பில் ஆம்பி பூத்திருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் இக்காட்சி இன்னும் விரிவாக வருகிறது. கறையான் அரித்த பழஞ்சுவர். அது உதிர்த்த புழுதியில் உட்டுளை கொண்ட காளாம்பி பூத்திருக்கிறது. கறையானையும் காளானையும் ஒரே காட்சியில் இணைத்து வைத்தவர் நல்லூர் நத்தத்தனார்.

இவ்விடத்தை எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். வறுமையின் அடையாளம் என்று சொல்லிக் கடந்துவிடுவேன். மலையிலிருந்து திரும்பிய பின்னர் மீண்டும் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அந்த வீட்டில் பசி இருக்கிறது, காளானும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் அதனைச் சமைக்கவில்லை! குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளிவந்து, உப்பும் இன்றி வேகவைத்து, பிறர் காணாதபடி கதவடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். கையெட்டும் தொலைவில் பூத்த காளாம்பியை அவள் தொடவே இல்லை. புறநானூற்று வீட்டிலும் குழந்தை பாலுக்கு அழுகிறதேயன்றி, அடுப்பில் பூத்ததை யாரும் பறித்து உண்ணவில்லை.

அது கவிதை மரபு என்று அமைதி கூறலாம். எனக்கோ அதற்குப் பின்னால் ஒரு வாழ்வறிவு இருப்பதாகவே படுகிறது. கீரையை அவள் அறிவாள். சுவரில் பூத்தது அவள் தாய் பறித்த வகையன்று. பசிக்கும் நஞ்சுக்கும் இடையே நின்ற வேலி அந்த அறிவு ஒன்றுதான்.

பொதுவழக்கிலும் இவ்வறிவின் சுவடு உண்டு. உண்ணத்தக்கதைக் காளான் என்றும், ஆகாததை நாய்க்குடை என்றும் சொல்வோம். புற்றுக்காளான், அரிசிக்காளான், முட்டைக்காளான், வைக்கோல் காளான் என்று உண்பவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் வழங்குகின்றன. விலக்கப்பட்டவை அனைத்தும் நாய்க்குடை என்ற ஒரு பெயருக்குள் அடங்கிவிடும். நஞ்சை வகைப்படுத்திப் பெயரிட வேண்டிய தேவை மக்களுக்கு இல்லை. அறிந்தது இது, அறியாததெல்லாம் நாய்க்குடை என்பது அவர்கள் கணக்கு. மிகவும் பாதுகாப்பான கணக்கு!

பிளினியின் பாம்புப்புற்று

தமிழகத்தோடு ரோமானியர் மிளகு வாணிகம் செய்த முதல் நூற்றாண்டில் ரோமை ஆண்டவன் கிளாடியஸ். இலங்கையிலிருந்து அவனிடம் தூதுவர் சென்ற செய்தியை மூத்த பிளினி பதிந்துள்ளார். அந்தக் கிளாடியஸ் கி.பி. 54இல் இறந்தான். மனைவி அக்ரிப்பினா காளானுணவில் நஞ்சிட்டுக் கொன்றாள் என்பது பழைய வரலாற்றாசிரியர்கள் தரும் செய்தி.

காளானைக் கண்டு அஞ்சிய பிளினி சில விதிகளையும் எழுதிவைத்தார். துருப்பிடித்த ஆணிக்கு அருகிலோ, மக்கிய துணியின்மீதோ, பாம்பு வாழும் வளைக்கு அருகிலோ முளைக்கும் காளான் அவற்றின் நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும் என்பது அவற்றுள் ஒன்று. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் இது தலைகீழ். பாம்பு குடிகொள்ளும் என்று நாம் பாலூற்றும் அதே கறையான் புற்றில் முளைப்பதுதான் காளான்களில் சிறந்த புற்றுக்காளான். பிளினியின் விதியை நம்பியிருந்தால் நல்லதை விட்டுவிட்டு, பாம்பு அண்டாத புல்வெளிக் காளானைப் பறித்திருப்போம். சிறுவயதில் நானும் அதைத்தானே செய்தேன்!

வடமொழி மரபிலும் இரு போக்குகள் உண்டு. மனுநூல் பூண்டு, வெங்காயம் இவற்றோடு காளானையும் இருபிறப்பாளர்க்கு முற்றிலும் விலக்கிவிடுகிறது. சுசுருத சங்கிதையோ வைக்கோல், கரும்பு, சாணம், மூங்கில், மண் என முளைக்கும் இடத்தைக்கொண்டு பிரித்துப் பேசுகிறது. விலக்குவது எளிது, பிரித்தறிவதே மருத்துவனின் வேலை.

வெள்ளிச் சோதனை முதலாக நம் வீடுகளில் வழங்கும் சோதனைகள் எவையும் மெய்யல்ல. வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மங்களால். காளானின் கொடிய நஞ்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பூச்சி அரித்த காளான் நல்லது என்பர். மனிதனைக் கொல்லும் காளானை நத்தை நலமாகத் தின்று நகர்ந்துவிடும். பளிச்சென்ற நிறமுடையதே நஞ்சு என்பர். கொடியவற்றுள் சில தும்பைப்பூ வெண்மை. நன்கு வேகவைத்தால் போதும் என்பர். அமானிட்டா இனத்துக் கொலைக்காளான்களின் நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் அழிவதில்லை.

அந்த நஞ்சு இயங்கும் முறை அச்சமூட்டுவது. உண்டு ஆறு மணிநேரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும், ஒன்றுமே தெரியாது. பின்னர் வாந்தியும் பேதியும் வரும். அடுத்து ஒருநாள் போல எல்லாம் தணிந்து, நோயாளி எழுந்து உட்காருவார். வீட்டார் மகிழ்வர். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நாள் முதல் மஞ்சள் காமாலையும் மயக்கமும் தொடரும். ஒரே காளான் ஓர் ஆளைக் கொல்லப் போதுமானது. ஆதலால் காளானுண்டவருக்கு நேரங்கழித்து வாந்தி தொடங்கினால், அது தணிந்தாலும் காத்திராமல், எஞ்சிய காளானையும் கையோடு எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தோண்டிப் பார்த்தல்

முதியவரின் கடப்பாறைக்கு வருவோம். அவர் ஏன் கிள்ளவில்லை? கேட்டேன். "வேரு வரணும் சார். வேரு இல்லன்னா அது புத்துக்காளான் இல்ல" என்றார். மண்ணுக்குள் ஒரு முழத்துக்கும் மேலாக வேர்போல் மெலிந்து இறங்கிய தண்டு, கீழே புற்றின் உள்ளறையில் போய் முடிந்தது.

அவ்வறையில்தான் கறையான்கள் மென்ற மரத்தூளில் பூஞ்சைத் தோட்டம் வளர்க்கின்றன. அந்தத் தோட்டத்தின் பூவே புற்றுக்காளான். டெர்மிட்டோமைசிஸ் என்பது இவ்வினத்தின் அறிவியற் பெயர். வளையமுடைய இதன் வகையொன்றை 1979இல் டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி எனப் பெயரிட்டு விளக்கியவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக் கே. நடராஜன். மனிதர் கோயம்புத்தூரில் 1943இல் வைக்கோல் காளானைப் பயிரிட்டுக் காட்டினர்; பிற்காலத்தில் பால்காளானையும் பயிராக்கினர். புற்றுக்காளானை வணிக அளவில் பயிராக்கும் கலை மட்டும் இன்னும் கறையானிடமே இருக்கிறது.

வியப்பு என்னவெனில், முதியவர் பறிக்கும் முறையே அறிவியலார் கூறும் சோதனையாகவும் இருக்கிறது. காளானை அடையாளங்காண விரும்புவோர் முதலில் அடியோடு தோண்ட வேண்டும் என்பர். அமானிட்டா இனத்தின் அடையாளமாகிய கிழிந்த பை மண்ணுக்குள் புதைந்திருக்கும்; மேலே கிள்ளினால் அது மண்ணோடு போய்விடும். அடுத்து, குடையை மட்டும் நறுக்கி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் ஓரிரவு கவிழ்த்து வைத்தால் நுண்தூள் படியும். புற்றுக்காளானுக்கு அத்தூள் இளஞ்சிவப்பு, எங்களை வீழ்த்திய காளானுக்குப் பச்சை, அமானிட்டாவுக்கு வெண்மை. வைக்கோல் காளானுக்கும் அடியில் பையுண்டு. ஆனால் தூள் இளஞ்சிவப்பு. ஆக, ஒற்றை அடையாளத்தை நம்பக்கூடாது. இதைப் படித்துவிட்டு யாரும் கூடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட வேண்டா! ஐயம் தீர்க்கத்தான் இவ்வடையாளங்கள். பசி தீர்க்க அல்ல.

முதியவர் தாள் எதுவும் வைக்கவில்லை. இடம், பருவம், புற்று, வேர், மணம் இவையனைத்தும் சேர்ந்த ஒரு முகத்தை அவர் அறிவார். உடன்பிறந்தானை நாம் எப்படி அறிகிறோமோ அப்படி. ஆனால் அவ்வறிவுக்கு ஓர் எல்லையும் உண்டு. அது இந்த மலையின் அறிவு. மலையை விட்டு இறங்கினால் அது துணைவராது.

தென்கிழக்காசியாவிலிருந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குடியேறியோர் சிலர், தம் நாட்டு வைக்கோல் காளான் என்று நினைத்து, ஐரோப்பாவிலிருந்து மரங்களோடு அங்கு வந்துசேர்ந்த கொலைக்காளானை உண்டு நோயுற்றனர். அவர்கள் அறியாதவர் அல்லர். வேறோர் ஊரின் அறிவை உடையவர். நம் நாட்டிலும் 2020இல் மேகாலயத்தின் மேற்கு ஜயந்தியா மலையில் லாமின் என்னும் சிற்றூரில் அறுவர் இறந்தனர். 2022 ஏப்ரலில் அசாமில் பதின்மூவர் இறந்தனர். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் அவர்களுள் பலர். தமிழகத்து உயர்மலைகளிலும் அயல்நாட்டுப் பைன் மரங்களின் அடியில், அவற்றோடு உறவுகொண்டு வாழும் செந்நிற அமானிட்டா முளைப்பது பதிவாகியுள்ளது. மரம் பெயர்ந்தால் காளானும் பெயர்கிறது. மனிதன் பெயர்ந்தால் மட்டும் அறிவு பின்தங்கிவிடுகிறது.

ஜவ்வாது மலை இளைஞர்கள் இன்று கேரளத்துக்கும் கருநாடகத்துக்கும் வேலைக்குப் போகிறார்கள். முதியவரின் மகனும் அப்படித்தான். "அவனுக்குக் காளான் தெரியுமா?" என்றேன். "தெரியாது சார். மழைக்காலத்துல அவன் எங்க இங்க இருக்கான்?" என்றார்.

நடப்படாத கற்கள்

செங்கம் என்றதும் வரலாற்றார்வலர் நினைவுக்கு வருபவை நடுகற்கள். 1972இல் இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூலை நம் நண்பர்கள் பலர் புரட்டியிருப்பர். ஆநிரை கவர்ந்தோரும் மீட்டோரும் வீழ்ந்த இடங்களில் ஊரார் கல்நட்டு எழுத்துப் பொறித்தனர். எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல்லொன்று, வீரனோடு நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயையும் நினைவுகூர்கிறது. மறவாமை அந்த மண்ணின் இயல்பு.

ஆனால் காட்டில் முளைத்த ஒன்றை முதன்முதலில் உண்டு மடிந்தவருக்குக் கல் இல்லை. அப்படி எத்தனை பேர் மடிந்திருந்தால் இதைப் பறி, அதை விடு என்ற ஒரு வரி அறிவு பிறந்திருக்கும்! அவர்களுள் பெரும்பாலோர் பெண்களாகவும் குழந்தைகளாகவும் இருந்திருப்பர் என்று எண்ணத் தோன்றுகிறது. எழுத்தில் பொறிக்கப்படாத அந்நினைவு, "எங்கம்மா பறிச்சதில்ல" என்ற சொல்லாகத் தாயிடமிருந்து மகனுக்கு வந்துகொண்டிருந்தது. நடுகல்லாவது மண்ணுக்குள் புதைந்தால் தோண்டி எடுக்கலாம். ஒரு தலைமுறை சொல்லாமல் விட்டுவிட்டால் இந்தச் சொல்லை எங்கே தோண்டுவது?

நன்னனின் நவிரமலையில் உறையும் இறைவனைக் காரியுண்டிக் கடவுள் என்று மலைபடுகடாம் குறிக்கிறது. நஞ்சை உணவாகக் கொண்டவன் என்பது பொருள். பருவதமலையே அந்த நவிரம் என்பர். அம்மலைவழியே கூத்தரை ஆற்றுப்படுத்தும் புலவர், பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்புறையும் குழிகள், வழுக்கும் பாறைகள், தினைக்காவலர் எறியும் கவண்கற்கள் என ஒவ்வோர் இடரையும் முன்கூட்டியே சொல்லி எச்சரிக்கிறார். தாம் நடந்த வழியைப் பின்னால் வருபவர்க்குச் சொல்லிச் செல்வதுதான் ஆற்றுப்படை. முதியவர் என் மாணவரிடம் சொன்ன நான்கு சொல்லும் அவ்வகையில் ஓர் ஆற்றுப்படையே.

நஞ்சுண்டும் வாழ்வது கடவுளுக்கு இயலும். நமக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். அன்று மாலை மாணவர் ஐவரும் முதியவரின் குடிசைத் திண்ணையில் அமர்ந்து, அவர் தெரிந்தெடுத்த புற்றுக்காளானைக் களியோடு உண்டனர். நானும் உண்டேன், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக. புறப்படும்போது பார்த்தேன், காளானின்மேல் கைவைத்த அந்த மாணவர், தம் குறிப்பேட்டில் முதியவர் சொன்ன பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.